பசளைத் தடை 2021: ஆய்வு நிலையங்கள் அறிந்திருந்தது அமைச்சரவை மேசைக்கு ஏன் போகவில்லை?

மருதநிலம் (வவுனியா) எழுதியது:

வணக்கம். இரசாயனப் பசளைத் தடையைப் பற்றி இங்கே பல தடவை கதைத்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் யார் குற்றவாளி என்ற இடத்தில் இழை நின்றுவிடுகிறது. இம்முறை வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். இலங்கையில் விவசாய அறிவுக்குப் பஞ்சம் இல்லை. பேராதனையில் விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கின்றன. பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு நூறு வயது ஆகிவிட்டது. விவசாய ஆராய்ச்சிக் கொள்கைக்கென்று தனியாக ஒரு சபையே உண்டு. இத்தனையும் இருந்தும் அப்படி ஒரு முடிவு எப்படி வந்தது?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன (இயற்கை உர) விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டு அவகாசம் சொல்லப்பட்டது. 2021 ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளைக்கு இறக்குமதித் தடையை அறிவித்தார். மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. செயலணி அமைத்தது அதற்குப் பிறகு. அந்தச் செயலணியின் முன்னால் இருந்தது "இதை எப்படி நடைமுறைப்படுத்துவது?" என்ற கேள்விதான். "இதைச் செய்யலாமா? எவ்வளவு காலத்தில்? எந்தப் பயிரில் முதலில்?" என்ற கேள்விகளை அறிவியலாளர்களிடம் கேட்டிருக்க வேண்டிய காலம் அப்போது கடந்துபோயிருந்தது.

கேட்காமலே சொன்னவர்களும் இருந்தார்கள். இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் தடை வந்த கையோடு எச்சரித்தது. விளைச்சல் நெல்லில் 25 வீதமும், தேயிலையில் 35 வீதமும், தென்னையில் 30 வீதமும் குறையலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே ஊடகங்களில் விளக்கமாகப் பேசினார். விவசாய அமைச்சின் கீழ் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள்.

விளைவு எல்லாருக்கும் தெரியும். 2020/21 பெரும்போகத்தில் (வருடத்தின் முக்கிய நெற்செய்கைப் பருவத்தில்) சுமார் 31 லட்சம் தொன் நெல் கிடைத்தது. அடுத்த பெரும்போகத்தில் 19 லட்சம் தொன் அளவுக்கு இறங்கியது. நவம்பர் 24ஆம் திகதி தடையை விலக்கிக்கொண்டபோது பயிர் ஏற்கனவே வயலில் நின்றது. உலகச் சந்தையில் யூரியா விலையும் ஏப்ரலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

என் கேள்வி இதுதான். அறிவு இருந்த இடத்துக்கும் முடிவு எடுத்த இடத்துக்கும் நடுவில் எது அறுந்தது? அதைச் சரிசெய்ய என்ன வேண்டும்?

---

கீரிமலைக்காற்று (யாழ்ப்பாணம்) எழுதியது:

மருதநிலம் தம்பி, நல்ல கேள்வி. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "பசளை நல்லது, தடை கெட்டது" என்று இழை போய்விடக் கூடாது. நான் வெங்காயமும் மிளகாயும் செய்கிற கமக்காரன். எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே போடுவது நேரே கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். வலிகாமத்தில் பல கிணறுகளில் நைட்ரேற்று அளவு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் எத்தனையோ வந்துவிட்டன. மானியப் பசளை மலிவாகக் கிடைத்த காலத்தில் அளவு பார்த்துப் போட்டவர்கள் குறைவு. 2005இல் நெல்லுக்கு 50 கிலோ மூடை 350 ரூபா என்று அறிவித்தார்கள். அதை வாங்கி மரக்கறிக்கும் போட்டவர்களை நான் அறிவேன்.

ஆகவே பசளையைக் குறைக்க வேண்டும் என்பதும் அறிவியல் சொன்னதுதான். அதைச் சொன்னவர்களும் இதே பேராதனை ஆட்கள்தான். மண்ணைப் பரிசோதித்து, அதற்கு ஏற்ற அளவு போடுங்கள் என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். அப்போதும் அரசு கேட்கவில்லை. மானியம் வாக்கு வாங்கித் தந்தது. பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அள்ளிக் கொடுத்ததற்கும் அடியோடு நிறுத்தியதற்கும் ஆய்வு நிலையத்தை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் எங்கே என்றால், சேதன விவசாயத்தின் பெயரையே இந்தத் தடை கெடுத்துவிட்டது. இப்போது யாரிடமாவது "கொஞ்சம் கூட்டெரு (கம்போஸ்ட்) போட்டு யூரியாவைக் குறையுங்கோ" என்று சொன்னால், "அந்தக் கதையை எங்களிடம் கதைக்காதேங்கோ" என்கிறார்கள்.

---

கொழுந்துக்கூடை (ஹட்டன்) எழுதியது:

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். நெல் கணக்கு வந்துவிட்டது, தேயிலைக் கணக்கையும் வையுங்கள். 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 29.9 கோடி கிலோ. 2022இல் 25.1 கோடி. இது உற்பத்திப் புள்ளிவிவரம். தோட்டத்தில் அது எப்படி வந்து விழுந்தது என்பதைச் சொல்கிறேன்.

2021 மார்ச்சில்தான் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. எத்தனை வருடப் போராட்டம் அது! அடுத்த மாதமே பசளைத் தடை அறிவிப்பு. தேயிலை நெல்லைப்போல் ஒரு போகத்தில் முடிகிற பயிர் இல்லை. செடியில் ஏற்கனவே இருக்கிற சத்தைக்கொண்டு சில மாதம் கொழுந்து வரும், அப்புறம் மெதுவாகக் குறையும். அதனால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிறகு கொழுந்து குறைந்தது. பறிக்கிற கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான் (அரைநாட் சம்பளம்தான்) விழும். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் மாவும் பருப்பும் விலையேறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அம்மாமாருக்கு அரைப் பேர்.

செடி எப்போது எப்படி இறங்கும் என்பது தலவாக்கலையில் இருக்கிற எந்த ஆய்வாளருக்கும் தெரியும். நாங்கள் இருப்பது அங்கிருந்து ஒரு பஸ் தூரம். அவர்களுக்குத் தெரிந்ததை முன்கூட்டியே எழுத்தில் வெளியிட்டிருந்தால் தொழிற்சங்கங்களாவது கையில் வைத்துப் பேசியிருக்கும். ஆலோசனை அரசுக்கு மட்டும் சொல்லும் ரகசியமாக இருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அந்த முடிவால் பட்டினி கிடக்கப்போகிறவளுக்கும் அது தெரிய வேண்டும்.

---

நேர்ப்பேச்சு (கொழும்பு) எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆட்சி செய்ய மக்கள் தெரிவு செய்தது அரசியல்வாதியை. பேராசிரியரை இல்லை. ஆய்வாளர் சொன்னதை அமைச்சரவை அப்படியே ஏற்க வேண்டும் என்றால் தேர்தல் எதற்கு? இரண்டாவது, டொலர். 2019 முடிவில் நாட்டின் வெளிநாட்டுக் கையிருப்பு சுமார் 760 கோடி டொலர். 2021 முடிவில் 310 கோடி அளவுக்கு வந்துவிட்டது. பசளை இறக்குமதிக்கு மட்டும் 2020இல் 26 கோடி டொலர் போனது. மருந்துக்கும் எண்ணெய்க்கும் டொலர் தேடிய அரசு எதையாவது வெட்டத்தானே வேண்டும்? விவசாய ஆராய்ச்சியாளருக்கு மண் தெரியும், மத்திய வங்கியின் கணக்குத் தெரியுமா? ஒரு நிபுணர் தன் துறையை மட்டும் பார்ப்பார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது அரசின் வேலை.

---

மருதநிலம் (வவுனியா) எழுதியது:

நேர்ப்பேச்சு, உங்கள் முதல் கருத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. முடிவு எடுக்க வேண்டியவர் அமைச்சர்தான். நான் கேட்பது அவர் எதைத் தெரிந்துகொண்டு எடுத்தார் என்பதை.

இரண்டாவது கருத்துத்தான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். டொலர்தான் காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். "எங்களிடம் பாதிப் பசளைக்குத்தான் காசு இருக்கிறது. இழப்பு குறைவாக வரும்படி இதை எப்படிப் பகிர்வது?" என்று ஆய்வு நிலையங்களைக் கேட்டிருந்தால் உருப்படியான பதில் வந்திருக்கும். நுவரெலியா, வெலிமடை மரக்கறித் தோட்டங்களில் பல வருடமாகப் போட்டுப் போட்டுப் பொசுபரசு மண்ணில் தேங்கிக் கிடக்கிறது. அங்கே டி.எஸ்.பி. என்கிற பொசுபரசுப் பசளையைக் குறைத்தாலும் விளைச்சல் உடனே விழாது. நைட்ரஜன் அப்படி இல்லை, ஒரு போகம் விட்டாலும் பயிர் காட்டிக்கொடுக்கும். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று பயிர்வாரியாகச் சொல்லும் அறிவு நாட்டுக்குள்ளேயே இருந்தது. தேயிலை டொலர் கொண்டுவருகிற பயிர். டொலரைச் சேமிக்க அதன் பசளையை நிறுத்தக் கூடாது என்பதை எந்தப் பொருளியலாளரும் சொல்லியிருப்பார்.

ஆனால் அரசு மக்களிடம் சொன்ன காரணம் சிறுநீரக நோய், நஞ்சில்லா உணவு, மண்வளம். உள்ளே இருந்த காரணம் ஒன்று, வெளியே சொன்னது வேறு. அப்படி இருக்கும்போது எந்த ஆலோசகர் வந்தாலும் தவறான கேள்விக்குத்தான் பதில் தேடுவார்.

கூட்டெருவால் ஈடுகட்டலாம் என்று சொன்னவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியாவில் 46 வீதம் நைட்ரஜன், ஆக ஏறத்தாழ 220 கிலோ யூரியா போதும். நல்ல கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்றரை வீதம் இருந்தாலே பெரிது. 100 கிலோ நைட்ரஜனுக்கு கிட்டத்தட்ட ஏழு தொன் கூட்டெரு. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மிச்சம் மெதுவாகத்தான் வரும். பெரும்போகத்தில் விதைக்கிற பரப்பு ஏழு எட்டு லட்சம் ஹெக்டேர். குறைந்தபட்சம் 50 லட்சம் தொன் கூட்டெருவை ஐந்து மாதத்தில் எங்கே செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது? விவசாயப் போதனாசிரியர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது. அமைச்சரவைப் பத்திரத்தோடு இந்த ஒரு பக்கம் இணைந்திருந்தால்கூடப் போதும்.

---

அடையாறுஆலமரம் (சென்னை) எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன். இந்தியாவிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். இது நேர் எதிர்த் திசையில் போனது.

2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயைச் சாகுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அதாவது அரசின் சொந்த நிபுணர் குழுவே சரி என்றது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். மாநில முதல்வர்களிடமும் எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்களிடமும் கேட்டார். 2010 பிப்ரவரி 9ஆம் தேதி காலவரையறை இல்லாமல் நிறுத்திவைத்தார். நிபுணர் குழுவுக்கு எதிரான முடிவு. ஆனால் ஏன் எடுத்தார், யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கடிதங்களோடு சேர்த்து ஒரு நீண்ட ஆவணமாகவே வெளியிட்டார்.

அந்த முடிவு சரியா என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. வங்கதேசம் 2013இல் அனுமதி கொடுத்து அடுத்த ஆண்டே பயிரிடத் தொடங்கிவிட்டது. என் சொந்தக் கருத்து, அறிவியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை, அவர்கள் பக்கமும் வலுவான வாதம் இருக்கிறது. ஆனால் நேர்ப்பேச்சு கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். அமைச்சர் நிபுணர் சொன்னதை மீறலாம். மீறும்போது காரணத்தைக் காகிதத்தில் எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். பத்து வருடம் கழித்தும் அதை எடுத்து வைத்து வாதாட முடிகிறதே, அதுதான் முக்கியம்.

---

தேம்ஸ்கரை (லண்டன்) எழுதியது:

நான் இங்கே பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்பவள். பிரித்தானியாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம் ஆட்களிடம் ஓர் எண்ணம் உண்டு. அது உண்மை இல்லை. இங்கே இப்போது இருக்கிற விதிமுறைகள் பலவும் பெரிய அடி வாங்கிய பிறகு வந்தவை.

மாட்டுப் பைத்திய நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் நோய் அடையாளம் காணப்பட்டது. சவுத்வூட் தலைமையிலான குழு 1989இல் அறிக்கை கொடுத்தது. மனிதருக்கு ஆபத்து வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று அது சொன்னது. கூடவே, தங்கள் கணிப்பு பிழைத்தால் விளைவு மிகப் பாரதூரமாக இருக்கும் என்றும் சொன்னது. முதல் பாதி மட்டும்தான் அமைச்சர்களின் வாயில் தங்கியது. 1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜோன் கம்மர் தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சிப் பேர்கரை நீட்டினார். 1996 மார்ச் 20ஆம் திகதி சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, மனிதருக்கு வந்த புதிய மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டார். இந்த நாட்டில் 178 பேர் அந்த நோயால் இறந்தார்கள்.

பிறகு பிலிப்ஸ் பிரபு தலைமையில் விசாரணை நடந்து 2000இல் அறிக்கை வந்தது. அரசு வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, மக்கள் பீதி அடைந்துவிடுவார்களே என்ற கவலையே அதற்குப் பெரிதாக இருந்தது என்று அது சொன்னது. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் உறைக்கிறது. அறிவியல் ஆலோசனையில் மிகவும் பயனுள்ள பகுதி "எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்கிற வரி. அரசியல்வாதி முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

பேராசிரியர் மாரம்பேயை நீக்கியதைப் படித்தபோது டேவிட் நட் நினைவுக்கு வந்தார். போதைப்பொருள் ஆலோசனைச் சபையின் தலைவராக இருந்தவர். சட்டத்தில் உள்ள வகைப்பாடு உண்மையான தீங்கின் அளவோடு பொருந்தவில்லை என்று ஒரு விரிவுரையில் பேசினார். 2009 அக்டோபர் 30ஆம் திகதி உள்துறை அமைச்சர் அவரைப் பதவி விலகச் சொன்னார். சபையின் வேறு சில உறுப்பினர்களும் விலகினார்கள். பெரிய சண்டை நடந்தது. 2010இல் அரசு சில கோட்பாடுகளை எழுத்தில் வெளியிட்டது. ஆலோசகருக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு, அரசு ஆலோசனையை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்ற வகையில் அது அமைந்தது. நட் மீண்டும் அந்தப் பதவிக்கு வரவில்லை. ஆனால் அடுத்தவரை நீக்குவது கொஞ்சம் கடினமாகியது.

கோவிட் காலத்திலும் இதே கதைதான். "அறிவியல் சொல்வதைத்தான் செய்கிறோம்" என்று அமைச்சர்கள் தினமும் சொன்னார்கள். ஆலோசனைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட முதலில் வெளியில் தெரியாது. கடுமையான அழுத்தத்துக்குப் பிறகு, 2020 மே மாதத்தில்தான் உறுப்பினர் பெயர்களும் கூட்டக் குறிப்புகளும் வெளிவரத் தொடங்கின.

---

கல்முனைவாசகி (கல்முனை) எழுதியது:

தேம்ஸ்கரை தங்கச்சி கோவிட் என்று சொன்னதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எல்லாரும் அறிவியலாளர் சொன்னதை அரசு கேட்கவில்லை என்கிறீர்கள். எங்களுக்கு நடந்தது வேறு. எங்கள் முஸ்லிம் மையித்துகளை (இறந்தவர்களின் உடல்களை) எரித்தபோது "நிபுணர் குழு சொல்லிவிட்டது" என்றுதான் சொன்னார்கள்.

2020இல் கோவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருந்தது. இலங்கை அரசோ எரிக்கத்தான் வேண்டும் என்றது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். உலகமே அறிந்த வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸ் நம் நாட்டவர். அப்படி ஆபத்து இல்லை என்று அவர் சொன்னார். டிசம்பரில் இருபது நாள் பச்சைக் குழந்தை ஒன்றை, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று சொன்ன நிபுணர்களும் உள்ளே இருந்தார்கள். அரசு தனக்குப் பிடித்த குழுவின் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது. அதுவும் எந்த ஊரில் இறந்தாலும் ஓட்டமாவடியில் கொண்டுபோய் அடக்க வேண்டிய நிலை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அந்தக் குழுவில் யார் இருந்தார்கள், எந்த ஆய்வைப் பார்த்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. "நிபுணர்" என்று சொன்னதும் எல்லாரும் வாயை மூட வேண்டியிருந்தது. ஆகவே மருதநிலம் நானா, ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஆலோசனை, யாருடையது, அதற்கு மறுப்பு என்ன என்பதும் பகிரங்கமாக வேண்டும். இல்லாவிட்டால் அதே அறிவியலின் பெயரால் இன்னொரு சமூகத்தை நாளைக்கு அழவைப்பார்கள்.

---

கொழுந்துக்கூடை (ஹட்டன்) எழுதியது:

அக்கா, அந்த நாட்களில் நாங்கள் போதுமான அளவு உரத்துப் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. நீங்கள் எழுதியதற்கு நன்றி.

நீங்கள் சொன்னது பசளைக்கும் பொருந்தும். 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடை செய்தார்கள். வட மத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்று ஒரு கருதுகோள் இருந்தது. கருதுகோள் வைப்பதில் குற்றமில்லை, அதைச் சோதிக்க வேண்டும். சோதித்து முடியுமுன்னே அது முடிந்த உண்மையாகிவிட்டது. தோட்டங்களில் களை மண்டியது. வேறு களைநாசினிக்குப் போனார்கள், அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் பக்கமிருந்து பிரச்சினை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். அந்த அனுபவத்தை யாராவது எழுதிவைத்துப் படித்திருந்தால் 2021க்கு அது போதுமான பாடம்.

---

மருதநிலம் (வவுனியா) எழுதியது:

சிறுநீரக நோயைப் பற்றி ஒரு வார்த்தை. வவுனியா வடக்கிலும் அந்த நோய் இருக்கிறது. டயலிசிஸுக்குக் கிழமைக்குக் கிழமை பஸ் ஏறுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களின் வேதனையைக் காரணம் காட்டித்தான் தடையை நியாயப்படுத்தினார்கள். நோய்க்குக் காரணம் தண்ணீரின் கடினமா, புளோரைட்டா, வெயிலில் உடல் வறள்வதா, வேளாண் இரசாயனமா, எல்லாம் சேர்ந்தா என்று ஆய்வு இன்னும் நடக்கிறது. அந்த மக்களுக்கு உடனே பயன்படக்கூடியது சுத்திகரித்த குடிநீர். அதற்குப் போக வேண்டிய கவனத்தைத் தடை எடுத்துக்கொண்டது.

கல்முனைவாசகி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அமைச்சரவைக்குப் போகிற தொழில்நுட்பக் கருத்து, எழுதியவர்களின் பெயரோடும் மாற்றுக் கருத்தோடும், முடிவு அறிவிக்கிற அன்றே வெளிவர வேண்டும்.

---

நேர்ப்பேச்சு (கொழும்பு) எழுதியது:

ஒரு இடத்தில் மட்டும் இன்னும் உடன்படவில்லை. எல்லாவற்றையும் பகிரங்கமாக்கினால் ஆலோசகர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். நாளைக்குப் பத்திரிகையில் பெயர் வரும் என்றால் அரச ஊழியர் ஒருவர் "இது ஆபத்து" என்று எழுதுவாரா? 2021 டிசம்பரில் விவசாய அமைச்சின் செயலாளர் பேராசிரியர் உதித் ஜயசிங்க உணவுத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று வெளிப்படையாகப் பேசினார், பதவி போய்விட்டது. அதைப் பார்த்த அடுத்தவர் என்ன செய்வார்? மூடிய அறையில் சொல்லவாவது இடம் இருக்க வேண்டும்.

---

கீரிமலைக்காற்று (யாழ்ப்பாணம்) எழுதியது:

மூடிய அறையில் சொல்லட்டும், தம்பி. ஆனால் முடிவு வந்த பிறகு கதவைத் திறக்க வேணும். அவரை நீக்கியது அவர் பகிரங்கமாகப் பேசியதால் என்கிறீர்கள். பகிரங்கமாகப் பேசினால் பதவி போகாது என்ற காப்பு இருந்தால் நீங்கள் சொல்லும் பயமே இருக்காதே.

இதே அரசுக்குள் அறிவியல் உறுதியாக நின்ற ஒரு சம்பவமும் உண்டு, அதை ஒருவரும் சொல்லவில்லை. 2021இல் சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. மாதிரியைச் சோதித்த தேசிய தாவரத் தொற்றுத்தடுப்பு சேவை, பயிருக்கு நோய் தரும் பக்டீரியா இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டது. அனுப்பிய நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. காசு கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 67 இலட்சம் டொலர் கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். அவ்வளவு அழுத்தம் வந்தும் அந்தச் சரக்கு இறங்கவில்லை.

ஏன் அங்கே மட்டும் நின்றது? அந்தச் சேவைக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. சோதிக்காமல் எதுவும் உள்ளே வர முடியாது. பத்தலகொடைக்கும் தலவாக்கலைக்கும் அப்படி ஒரு கட்டாய இடம் இல்லை. கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கலாம்.

---

தேம்ஸ்கரை (லண்டன்) எழுதியது:

கீரிமலைக்காற்று அண்ணா, இந்த இழையில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது நீங்கள் சொன்ன இதுதான். ஆலோசகரின் துணிவை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. அவரைக் கடக்காமல் முடிவு போக முடியாத இடத்தில் அவரை உட்கார வைக்க வேண்டும். இங்கே பெரிய அமைச்சுகள் ஒவ்வொன்றிலும் தலைமை அறிவியல் ஆலோசகர் இருக்கிறார். அரசு முழுவதற்கும் ஒருவர் 1964இலிருந்து இருக்கிறார். அப்படி இருந்தும் மேலே எழுதிய தவறுகள் நடந்தன, அதையும் மறைக்கவில்லை. இலங்கையில் அப்படி ஒரு அமைப்புச் சட்டப்படி உண்டா?

---

மருதநிலம் (வவுனியா) எழுதியது:

உண்டு. 1994ஆம் ஆண்டின் விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் தேசிய விஞ்ஞான தொழில்நுட்ப ஆணைக்குழு அமைந்தது. அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்வது அதன் பணி. ஆனால் 20 லட்சம் விவசாயக் குடும்பங்களைத் தொடுகிற முடிவு ஒன்றை எடுக்குமுன் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற நடைமுறை 2021இல் எங்கும் தென்படவில்லை. 2022 ஏப்ரலில் புதிய அமைச்சரவையிடம் அந்தத் தடை தவறு என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த தடவை இது எப்படித் தடுக்கப்படும் என்று ஒரு வரி கூட எழுத்தில் வரவில்லை. 4,000 கோடி ரூபா இழப்பீடு அறிவித்ததோடு கதை முடிந்தது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், முடிவு எடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்தைத்தான் கேட்க முடியாது. இந்த முடிவு எப்போதோ எடுத்தாயிற்று. ஆகவே விவசாய அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதப் போகிறேன். 2021 ஏப்ரல் அமைச்சரவைப் பத்திரத்தோடு விவசாயத் திணைக்களத்தின் கருத்து இணைக்கப்பட்டதா? தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திடம் எழுத்தில் கேட்கப்பட்டதா? கேட்டிருந்தால் என்ன திகதியில், என்ன பதில்? இந்த மூன்றும் போதும். கல்முனைவாசகி, நீங்கள் விரும்பினால் அடக்கம் தொடர்பான நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளுக்குச் சுகாதார அமைச்சிடமும் அதே நாளில் இன்னொரு விண்ணப்பம் போடலாம். வரைவு எழுதத் தொடங்கிவிட்டேன். தமிழில் அனுப்பினால் தமிழில் பதில் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

---

கல்முனைவாசகி (கல்முனை) எழுதியது:

விருப்பம்தான், நானா. குழுவில் இருந்தவர்களின் துறை என்ன, மாற்றுக் கருத்துப் பதிவானதா என்ற இரண்டையும் கட்டாயம் சேருங்கள். நான் இங்கிருந்து ஒப்பமிட்டு அனுப்புகிறேன்.